தொழில் படுத்த நேரத்தில் குழுக் கடன்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பதினொரு வருடம் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனி ஒன்றில் வசூல் வேலை பார்த்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை. கடன் கார்டை எடுத்துக்கொண்டு யார் வந்தாலும் உட்கார்ந்து கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். இந்த முறை கேட்டவர்களில் பெரும்பாலோர் சிறுதொழில் செய்பவர்கள்.

ஆம்பூரிலிருந்து: வீட்டில் மூன்று மெஷின் போட்டு ஷூ அப்பர் (ஷூவின் மேல்தோல் பாகம்) தைத்துக் கொடுக்கிறோம். அமெரிக்க வரி வந்த பிறகு ஜாப் ஒர்க் பாதியாகிவிட்டது. ஏற்கெனவே இரண்டு குழுக் கடன் ஓடுகிறது. இன்னொரு கம்பெனி 40,000 தருகிறேன் என்கிறது. வாங்கலாமா அக்கா?

வாங்காதீர்கள் அம்மா. 2025 ஆகஸ்டில் வரி 50 சதவீதம் ஆனபோது ஆர்டர் நின்றது பெரிய கம்பெனிக்கு. அதன் அடி விழுந்தது உங்கள் மெஷின் மேல். நீங்கள் எத்தனை மெஷின் வாங்கினாலும் தைக்க மேல்தோல் வர வேண்டுமே! சரக்குக்குப் போய், விற்று, திரும்பி வருகிற பணம்தான் தொழில் கடன். இந்த 40,000 எங்கே போகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பழைய இரண்டு தவணைக்கும் வீட்டு வாடகைக்கும் என்று எழுத வந்தால், அது தவணை கட்ட வாங்கும் கடன். ஆறு மாதம் மூச்சு விடலாம். ஏழாவது மாதம் மூன்று தவணை நிற்கும்.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஒரு வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இப்போது வீட்டுக்கு வருவது 14,000 என்றால் எல்லாம் சேர்த்து 7,000தான். ஃபாரம் எழுதும்போது ஆபீசர், "25,000 என்று போட்டுக்கலாம்மா" என்பார். நானே அப்படி எழுதியிருக்கிறேன், அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. உண்மையான தொகையைச் சொல்லுங்கள். கடன் கிடைக்காமல் போனால் அதுவும் நல்லதுதான்.

வேலூர் காந்தி ரோடு பக்கம் சின்ன மெஸ் வைத்திருப்பவர்: 2020இல் ஆறு மாதம் தவணை நிறுத்தினார்கள். அப்புறம் பார்த்தால் பாக்கி ஏறியிருந்தது. ஏமாற்றினார்களா? இப்போதும் அப்படிக் கேட்கலாமா?

ஏமாற்று இல்லை அண்ணா. ஆனால் புரியும்படி யாரும் சொல்லவில்லை. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்தது முதலில் மூன்று மாதம், பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். தள்ளிவைத்தது தவணையை மட்டும். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. பாக்கி 30,000, வட்டி வருடத்துக்கு 24 சதவீதம் என்றால் மாதம் 600. ஆறு மாதத்துக்கு 3,600, அதன் மேல் வட்டிக்கு வட்டி. அந்த வட்டிக்கு வட்டியை மட்டும் 2 கோடி வரை கடன் வாங்கியவர்களுக்கு மத்திய அரசு பிறகு ஈடு செய்தது.

அந்தக் கோடையில் உங்கள் தெரு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரயில் இல்லை, வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் வரவில்லை, லாட்ஜ் சாவியெல்லாம் ஆணியில் தொங்கியது. மீன் குழம்பு வைத்துக் கொடுத்த ஒரு அம்மா, காலி அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து கடன் கார்டை என்னிடம் நீட்டினார். நான் "வட்டி நின்றுவிடும்" என்று சொன்னேன். எனக்கே அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. அது தவறு.

இப்போது எல்லோருக்குமான ஒத்திவைப்பு கிடையாது. உங்கள் கம்பெனியிடம் தனியாக மறுசீரமைப்பு கேட்கலாம். காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பார்கள், மொத்த வட்டி கூடும். கேட்பதானால் முதல் தவணை தவறுவதற்கு முன்பே கேளுங்கள். வசூலுக்கு வருகிற பையனிடம் வாயால் சொன்னால் போதாது. கிளை மேலாளர் பெயருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

பேரணாம்பட்டு, பீடி சுற்றுபவர்: எங்கள் குழுவில் ஒருத்தி ஊரை விட்டுப் போய்விட்டாள். அவள் தவணையை நாங்கள் கட்டும்வரை ராத்திரி எட்டு மணி ஆனாலும் சென்டரை (குழு கூடித் தவணை கட்டும் இடம்) விட்டுப் போக விடுவதில்லை.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒருவருக்கொருவர் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பொறுப்பு உண்மைதான், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வசூலிக்கும் முறைக்கு எல்லை உண்டு. காலை 9க்கு முன்னும் மாலை 6க்குப் பின்னும் போன் செய்யக்கூடாது. மிரட்டக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது, அக்கம்பக்கத்தில் அவமானப்படுத்தக்கூடாது. வசூல் நடக்க வேண்டியது பேசி வைத்த இடத்தில். தொடர்ந்து இரண்டு முறை நீங்கள் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கே வரலாம்.

உங்களை எட்டு மணி வரை உட்கார வைப்பது அநியாயம். தேதி, நேரம், வந்தவர் பெயர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். கார்டில் இருக்கும் புகார் எண்ணில் முதலில் சொல்லுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், விவரம் கேட்க 14448. அடைத்து வைப்பது, கை வைப்பது என்று போனால் 30 நாள் காத்திருக்க வேண்டாம், நேராகக் காவல் நிலையம். குழுவில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து போங்கள்.

குடியாத்தம், லுங்கித் தறி: 50,000 கடன், 12 சதவீத வட்டி, 24 மாதம், மாதம் 2,583. கணக்கு எனக்கு இடிக்கிறது.

இடிக்கத்தான் செய்யும். வருடம் 6,000 வீதம் இரண்டு வருடத்துக்கு 12,000. மொத்தம் 62,000, அதை 24ஆல் வகுத்திருக்கிறார்கள். ஆனால் முதல் மாதத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறதே? குறைந்த அசலுக்குக் கணக்குப் போட்டால் வட்டி 21 சதவீதத்துக்கு மேல். செயலாக்கக் கட்டணம், காப்பீடு என்று கையில் தரும்போதே பிடித்திருந்தால் இன்னும் ஏறும். வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய தகவல் தாள் ஒன்று தந்திருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. முன்கூட்டியே அடைத்தாலும் அபராதம் கிடையாது.

காட்பாடி, தள்ளுவண்டி டிபன் கடை: வேறு எங்கே போவது?

உங்கள் வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது பிரதமர் ஸ்வநிதி, தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் கடன் திட்டம். முதல் கடன் 10,000 ஆக இருந்ததை 15,000 ஆக்கியிருக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டினால் கடன் தொகைக்கு வருடம் 7 சதவீத வட்டி மானியமாகத் திரும்ப வரும். மாநகராட்சியின் வியாபாரிச் சான்று அல்லது பரிந்துரைக் கடிதம் வேண்டும். அப்புறம், மகளிர் சுய உதவிக் குழு வழியாக வாங்கும் வங்கிக் கடனும் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியின் குழுக் கடனும் ஒன்று இல்லை. பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். முதலாவதில் சேமிப்பு உங்கள் குழுவுடையது.

வாலாஜா: 2,000 கொடுத்தால் எல்லாக் கடனும் தள்ளுபடி என்று ஒருவர் ஆதார் நகல் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். அப்படி ஒரு தள்ளுபடி இல்லை.

ஆற்காடு, தையல் கடை: நான் இரண்டு தவணை தவறிவிட்டேன். என் மகனுக்குப் படிப்புக் கடன் கிடைக்காமல் போகுமா?

தவறியது உங்கள் பெயரில் பதிவாகும், மகன் பெயரில் இல்லை. ஆனால் படிப்புக் கடனுக்குப் பெற்றோர் கூட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், அப்போது உங்கள் பதிவைப் பார்ப்பார்கள். உங்கள் கணவர் பெயரில் நிலுவை இல்லாவிட்டால் அவர் கையெழுத்துப் போடலாம். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும், வாங்கிப் பாருங்கள். அடைத்து முடித்த கடன் இன்னும் பாக்கி என்று நிற்பதை நிறையப் பேருக்குப் பார்த்திருக்கிறேன். தவறிய இரண்டு தவணைக்கும் அபராதம் கேட்டால், அது அந்த இரண்டு தவணைத் தொகைக்கு மட்டும்தான், மொத்தக் கடனுக்கும் இல்லை. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.