பறக்கும் ரயிலை இடிக்கச் சொல்கிறவர்களுக்கு

கேள்வி: சென்னையில் தூண்கள் மேல் ஓடும் வேளச்சேரி பறக்கும் ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கப் போகிறார்களாமே? இத்தனை வருடமாக ஈயோட்டிக்கொண்டிருக்கும் ரயிலை மெட்ரோவின் தலையில் ஏன் கட்ட வேண்டும்? பேசாமல் இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன?
(மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வேலை நாளில் ஒருநாள் காலை ஒன்பது மணி வாக்கில் திருவான்மியூர் நிலையத்தில் போய் நின்று பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்குகிற ஐ.டி. பிள்ளைகளைப் பார்ப்பீர்கள். அதே பெட்டியிலிருந்து, அந்தக் கட்டடங்களைப் பெருக்கித் துடைக்கும் பெண்களும், வாசலில் நிற்கப்போகும் செக்யூரிட்டிகளும் இறங்குவார்கள். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் நடக்கும் இரவில் ஸ்டேடியத்தை ஒட்டிய நிலையத்தையும் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், ஈயோட்டுகிறதா என்று.

இந்த ரயில் தோற்றுப்போன ரயில் அல்ல. கட்டிவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத ரயில். இரண்டும் ஒன்றல்ல என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது எண்பதுகளின் தொடக்கத்தில். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ரயில் ஓடியது 1995 நவம்பரில். 1997 அக்டோபரில் திருமயிலைக்கு வந்தது. திருவான்மியூரைத் தொட 2004 ஜனவரி, வேளச்சேரியைத் தொட 2007 நவம்பர். ஏறக்குறைய 19 கிலோமீட்டர்தான் மொத்தமே. அதையும் துண்டு துண்டாகத் திறந்தால் கூட்டம் எங்கிருந்து வரும்? திருமயிலையோடு நின்ற ரயிலில் அடையாறுக்காரர் ஏறுவாரா, தரமணிக்காரர் ஏறுவாரா? அந்த முதல் சில வருடங்களில் காலியாக ஓடிய பெட்டிகளைப் பார்த்து ஒட்டிய முத்திரை இன்னும் போகவில்லை.

கொல்கத்தாவிலும் இதே கதைதான் நடந்தது. 1984-ல் நாட்டின் முதல் மெட்ரோவை அங்கே இரண்டு தனித் துண்டுகளாகத் திறந்தார்கள். (அதன் பெட்டிகள் நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தயாரானவை.) டம்டம் பக்கத்துத் துண்டில் ஆளே ஏறவில்லை, 1992-ல் அதை நிறுத்தியே விட்டார்கள். ஆனால் இடிக்கவில்லை. விட்டுப்போன இடைவெளியை முடித்து, 1995-ல் டம்டம்மையும் டாலிகஞ்சையும் ஒரே பாதையாக இணைத்தார்கள். இன்று அந்தப் பாதை இல்லாமல் கொல்கத்தா நகராது.

நம் ரயிலுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது பிறவிக் குறை. நிலம் கையகப்படுத்தும் தொல்லை வேண்டாம் என்று பக்கிங்ஹாம் கால்வாயின் மேலேயே தூண்களை இறக்கினார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தப் பகுதி, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசித்துக் கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து வெட்டிய கால்வாய். விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன வழி. அதற்குள் வரிசையாகத் தூண்களை நட்டு, பல இடங்களில் நிலையக் கட்டடத்தையும் அதன் மேலேயே உட்கார வைத்தோம். அப்போதே எதிர்ப்பு எழுந்தது, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழை வெள்ளம் வடிய வேண்டிய வழியை நாமே குறுக்கிவிட்டு, ஒவ்வொரு டிசம்பரிலும் வானத்தைக் குறை சொல்கிறோம். அந்தத் திட்டத்தில் என்னால் மன்னிக்க முடியாதது இது ஒன்றுதான்.

கால்வாயோடு போனதால் நிலையங்கள் கடைத்தெருவை விட்டு, பஸ் ஸ்டாப்பை விட்டு, ஊரின் முதுகுப்புறத்தில் அமைந்தன. வாடகைக்கு விடலாம் என்று மாடி மாடியாகக் கட்டிய கூடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கடைகள் வரவில்லை. ஒரு மூலையில் டிக்கெட் கவுன்டர், மிச்சமெல்லாம் இருட்டும் புறா எச்சமும். இரவு எட்டு மணிக்கு மேல் அந்தப் படிக்கட்டில் தனியாக ஏறும் பெண், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக ஏறுகிறாள். இதைச் சரிசெய்ய இடிக்க வேண்டியதில்லை. விளக்கு போட வேண்டும், ஆள் போட வேண்டும், வாசலில் பஸ் வந்து நிற்க வேண்டும்.

அதை ஏன் யாரும் செய்யவில்லை? ரயில் ஒருவர் கையில், பஸ் இன்னொருவர் கையில், தெரு மூன்றாமவர் கையில். திருமயிலையிலிருந்து வேளச்சேரி வரையான இரண்டாம் கட்டச் செலவில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்தது மாநில அரசு, ஓட்டுவதோ ரயில்வே. எல்லாவற்றையும் ஒரு குடைக்குள் கொண்டுவர 2010-ல் போக்குவரத்துக் குழுமச் சட்டம் போட்டார்கள். அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில்! இடையில் போன பன்னிரண்டு வருடத்துக்கு எந்த ஆட்சியும் பதில் சொல்லவில்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் போக வேண்டிய 5 கிலோமீட்டர், 2008-ல் வேலை தொடங்கி, கடைசி அரை கிலோமீட்டர் நில வழக்கில் வருடக்கணக்காகச் சிக்கிக் கிடந்தது. 2023 ஆகஸ்டில், கடற்கரை-எழும்பூர் நாலாவது ரயில் பாதை வேலைக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி ஓட 14 மாதம் ஆனது. மெட்ரோவில் இப்படி ஒரு பகுதியை அத்தனை காலம் மூடி வைத்திருந்தால் சும்மா இருப்போமா?

ஆகவே ஒப்படைப்பை நான் ஆதரிக்கிறேன். 2025-ல் ரயில்வே வாரியமும் கொள்கை அளவில் சம்மதித்துவிட்டது. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் இரண்டு தடங்கள் திருமயிலையில் சந்திக்கப் போகின்றன. பறக்கும் ரயிலும் அதே இடத்தில் நிற்கிறது. இறங்கினால் மாறி ஏறலாம். இந்த வசதியைப் புல்டோசர் வைத்துத் தொலைக்கச் சொல்கிறீர்களா?

எனக்கு இருக்கும் கவலை ஒன்றே ஒன்று, கட்டணம். இன்று பறக்கும் ரயிலில் டிக்கெட் 5 ரூபாயில் ஆரம்பிக்கிறது. மெட்ரோவில் 10-ல் ஆரம்பித்து 50 வரை போகிறது. நிலையத்தைப் பளபளப்பாக்கி, ஏ.சி. பெட்டி விட்டு, கட்டணத்தை மூன்று மடங்காக்கினால், நான் முதலில் சொன்ன அந்தத் துப்புரவுப் பெண்கள் மறுநாளே ஷேர் ஆட்டோவுக்குப் போய்விடுவார்கள். கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். வித்தியாசத்தை அரசு மானியமாகத் தர வேண்டும். பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் தர முடிந்த மாநிலத்துக்கு இது முடியாத காரியமில்லை.

உங்கள் மடிப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி நிலையத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு மினி பஸ் கேட்டு உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மனு எழுதுங்கள். நகலை எனக்கு அனுப்பினால் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.