விசாவில் 'எம்' என்றிருந்தால் எத்தனை நாள் இருக்கலாம்?

தம்பி, அமெரிக்க எச்-1பி வேலை விசாவில் 'என்ட்ரீஸ்: எம்' என்றிருக்கிறதே, விசா தேதி முடியும்வரை அங்கே இருக்கலாமா, குளிருக்கு எந்தக் கோட்டு வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கோட்டை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். முதல் கேள்விக்கு வருவோம்.

விசா என்பது வாசல்வரை வந்து உள்ளே விடச் சொல்லிக் கேட்க அனுமதி, அவ்வளவுதான். 'எம்' என்றால் விசா தேதிக்குள் எத்தனை முறையும் வந்து கேட்கலாம். '1' என்றால் ஒரே முறை. உள்ளே எதுவரை இருக்கலாம் என்பதை இமிகிரேஷன் அதிகாரி தரும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் உள்ள தேதிதான் சொல்லும். இது தெரியாமல், "பத்து வருஷ விசா இருக்கே" என்று பெற்றோரை இஷ்டத்துக்குத் தங்கவைக்கப் பார்க்கும் வாட்ஸ்அப் வல்லுநர்கள் நம்மவர்களில் ஏராளம். பி-2 என்ற சுற்றுலா விசாவில் வருபவருக்குப் பெரும்பாலும் ஆறு மாதம்தான் கிடைக்கும்.

உங்களுக்கு ஆபத்து பாஸ்போர்ட்டில் இருக்கிறது. எச்-1பிக்கு ஒப்புதல் தரும் கடிதமான ஐ-797 மூன்று வருடத்துக்கு இருந்தாலும், பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிந்தால் ஐ-94ஐ அந்தத் தேதியோடு வெட்டிவிடுவார்கள். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் ஐ-94 தானாக நீளாது. அது முடிவதற்குள் வெளிநாடு போய்ப் புது பாஸ்போர்ட்டோடு திரும்ப வேண்டும், அல்லது கம்பெனி நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் வரும் பிள்ளைகளுக்குத் தனித்தனி ஐ-94. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் என்பதால் அடிக்கடி மாட்டுவது அவர்கள்தான். எல்லோருக்கும் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டே விமானம் ஏறுங்கள்.

முன்பெல்லாம் ஐ-94ஐ வெள்ளை அட்டையாகப் பாஸ்போர்ட்டில் ஸ்டேப்ளர் அடித்துத் தருவார்கள், தேதி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். 2013க்குப் பிறகு விமானத்தில் வருவோருக்கு எல்லாம் கணினிப் பதிவு. நாமேதான் தேடிப் பார்க்க வேண்டும். தேதி தாண்டினால் விசா அப்போதே செல்லாமல் போகும். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கி வெளியேறினால் மூன்று வருடத் தடை, ஒரு வருடம் ஆனால் பத்து.

இறங்கியதும் சிபிபி (அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை) தளத்தில் ஐ-94ஐ இறக்கி, பெயர், விசா வகை, தேதி மூன்றையும் ஐ-797உடன் ஒப்பிடுங்கள். அதிகாரி தப்பாகப் பதிந்திருந்தால், பாஸ்போர்ட்டோடும் ஐ-797ஓடும் அருகிலுள்ள 'டிஃபர்ட் இன்ஸ்பெக்‌ஷன்' அலுவலகத்துக்குப் போனால் கட்டணமின்றித் திருத்துவார்கள். பாஸ்போர்ட்டால் வெட்டுப்பட்ட தேதியை அங்கே நீட்டித் தருவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். அதைக் கம்பெனி வக்கீலிடம் அந்த வாரமே சொல்லிவிடுங்கள்.