அகச்சிவப்பு உணரிகளின் அளவுத்திருத்தம்: கேள்வி பதில்

கேள்வி: சார், செயற்கைக்கோளின் அகச்சிவப்பு உணரிக்கு ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் (கருவி தரும் எண்ணை உண்மை அளவோடு பொருத்துவது) செய்துதானே ஏவுகிறார்கள், விண்ணிலும் எதற்கு?

பதில்: உணரியின் வெப்பநிலை சற்று மாறினாலே உணர்திறன் மாறிவிடும். கருவியின் உடலும் கண்ணாடியும் வேறு தாமே அகச்சிவப்பை உமிழ்கின்றன. அதனால் இரண்டு புள்ளிகளை அடிக்கடி பார்த்தாக வேண்டும்: கதிர்வீச்சு சுழி என்றே கொள்ளத்தக்க வெற்று விண்வெளி, கருவிக்குள் இருக்கும் கரும்பொருள் (விழும் கதிர்வீச்சை ஏறக்குறைய முழுதும் உறிஞ்சும், வெப்பநிலை தெரிந்த இலக்கு). வானிலைச் செயற்கைக்கோள்களில் உள்ள ஏவிஎச்ஆர்ஆர் கருவி நொடிக்கு 6 வரி ஸ்கேன் செய்கிறது. ஒவ்வொரு வரியிலும் இரண்டையும் தலா 10 முறை அளக்கிறது.

கேள்வி: கணக்கை எப்படிப் போடுவது?

பதில்: கரும்பொருளில் பதித்த 4 பிளாட்டினம் வெப்பமானிகளின் சராசரியை எடுங்கள். அலைவரிசையின் நிறமாலைத் துலங்கலோடு (எந்த அலைநீளத்தை எவ்வளவு உணர்கிறது என்பது) சேர்த்து, வெப்பநிலையிலிருந்து கதிர்வீச்சைத் தரும் பிளாங்க் சமன்பாட்டில் போட்டால் கதிர்வீச்சு வரும். கரும்பொருள், விண்வெளி கவுண்ட்களின் (உணரி தரும் எண்களின்) வித்தியாசத்தால் அதை வகுத்தால் சரிவு, அதாவது ஒரு கவுண்ட்டுக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்பது. கவுண்ட்களைப் பல வரிகளுக்குச் சராசரி எடுக்காவிட்டால் படத்தில் கோடுகோடாக விழும்.

பலர் கவுண்ட்டிலிருந்து நேரே வெப்பநிலைக்குத் தாவுகிறார்கள். அது தவறு, நேர்கோட்டு உறவு கதிர்வீச்சோடுதான். 11, 12 மைக்ரானில் உள்ள பாதரச காட்மியம் டெல்லூரைடு உணரிக்கு அதுவும் முழு நேர்கோடு அல்ல, இருபடித் திருத்தம் சேர்க்க வேண்டும்.

கேள்வி: 3.9 மைக்ரானில் குளிர்ந்த மேக உச்சி புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. உணரி பழுதா?

பதில்: இல்லை. 300 கெல்வினிலிருந்து 220-க்கு இறங்கினால் 10.8 மைக்ரானில் கதிர்வீச்சு 5-ல் ஒரு பங்காகக் குறையும்; 3.9-இல் சுமார் 87-ல் ஒரு பங்கு. ஒரு கவுண்ட் பிசகினாலே பல கெல்வின் போய்விடும். அங்கே 10.8-ஐ நம்புங்கள்.

கேள்வி: பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோளில் நள்ளிரவையொட்டி வெப்பநிலை குறைவாக வருகிறதே?

பதில்: அந்நேரத்தில் சூரியன் கருவியின் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறது. சூடான பாகங்களின் கதிர்வீச்சைக் கரும்பொருள் சிறிது பிரதிபலிக்கும். கவுண்ட் கூடும், வெப்பமானிக்கோ அது தெரியாது. சரிவு குறைவதால் காட்சி குளிர்ந்ததாக வரும். அந்த மணிகளுக்கு மட்டும் சரிவைத் தனியாகத் திருத்த வேண்டும்.

கேள்வி: எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது?

பதில்: 8461 சேனல்கள் கொண்ட ஐஏஎஸ்ஐ என்ற செயற்கைக்கோள் அகச்சிவப்பு நிறமாலைக் கருவி நல்ல அளவுகோல். அதுவும் உங்கள் கருவியும் ஒரே இடத்தை, சில நிமிட இடைவெளியில், ஏறக்குறைய ஒரே கோணத்தில் பார்த்திருக்க வேண்டும். காட்சி சீராக இருக்க வேண்டும். பிறகு ஐஏஎஸ்ஐ நிறமாலையை உங்கள் துலங்கலால் எடையிட்டுக் கூட்டுங்கள். 13.3 மைக்ரானில் மட்டும் பிழை மெல்ல வளர்ந்தால், குளிரூட்டிய ஒளியியலில் பனி படிந்திருக்கிறதா பாருங்கள். பனியால் குறையும் ஒளியைக் கரும்பொருள் ஈடுசெய்துவிடும். துலங்கலின் வடிவம் மாறுவதை ஈடுசெய்யாது. சூடாக்கிப் பனியை விரட்டுவதுதான் வழி.