பிரிட்டிஷ் பெண்கள் பாட்டுக் குழு சுகாபேப்ஸின் முதல் ஆல்பம் 'ஒன் டச்' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 26ஆம் இடத்தைத் தாண்டவில்லை, தோல்விதானே, பிறகு ஏன் இப்போது கொண்டாடுகிறார்கள்?

26ஆம் இடத்தைத் தாண்டாத ஆல்பம் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். எண் சரி. பின்னாளில் வந்த ஹிட் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, பிறகு பின்னோக்கிப் போய் இந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2000 நவம்பரில் லண்டனில் பள்ளிக்கூடம் போன ஒரு பிள்ளையாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

எனக்கு அப்போது 15 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு வருடம். நாங்கள் இருந்தது வடமேற்கு லண்டனில், கிங்ஸ்பரிக்குப் பக்கத்தில். குழுவில் இருந்த மூட்யாவும் கீஷாவும் அந்தக் கிங்ஸ்பரிப் பிள்ளைகள்தான். அவர்களை நான் நேரில் கண்டதில்லை, பொய் சொல்ல வரவில்லை. ஆனால் 183 பஸ்ஸில் நாங்கள் போய்வருகிற இடத்திலிருந்து என் வயதுப் பிள்ளைகள் டிவியில் வந்து பாடினால் எப்படி இருக்கும்? ஒருத்தி ஜமேக்கா வழி. ஒருத்திக்கு அப்பா பிலிப்பைன்ஸ், அம்மா ஐரிஷ். மூன்றாவது ஷிவோன், அவளும் ஐரிஷ் குடும்பம். மூன்று பேரும் சிரிக்காமல் நின்று பாடினார்கள். பெண்கள் குழு என்றால் துள்ள வேண்டும், கமெராவைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டும் என்றிருந்த காலம் அது. வீட்டிலும் எனக்கு "முகத்தை உம்மென்று வைத்திருக்காதே" என்பதுதான் காலை மாலை அர்ச்சனை. அப்படிப்பட்டவளுக்கு அவர்களின் முதல் பாட்டு 'ஓவர்லோட்' வீடியோ என்ன செய்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

பாட்டும் அப்படித்தான். கொஞ்சமாய்த் தாளம், அடியில் ஒரு பேஸ், நடுவில் திடீரென்று பழைய காலத்துக் கிட்டார் ஒன்று புகுந்து போகும், மற்றபடி குரல்கள்தான். தயாரிப்பில் இருந்தவர் கேமரன் மெக்வே, மாஸிவ் அட்டாக் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தில் வேலை செய்தவர், அதனால்தான் அந்த இருட்டு. பெரும்பாலான பாட்டுகளை எழுதியதில் அந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. "அந்த வயதில் என்ன எழுதியிருக்கப் போகிறார்கள்" என்று யாராவது கீழே வந்து சொல்வீர்கள், தெரியும். இந்த ஆல்பத்தில் உள்ள 'ரன் ஃபார் கவர்' கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். "நம்மிடம் இல்லாத இசையா" என்று கேட்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன், நான் காலையில் சீர்காழி கேட்டு வளர்ந்தவள்தான், ஒன்றைக் கேட்டால் மற்றதை மறக்க வேண்டும் என்று சட்டமில்லை.

சரி, தோல்வி விஷயம். 'ஓவர்லோட்' 6ஆம் இடம், பிரிட்டனின் பெரிய இசை விருதான பிரிட் விருதுக்கும் பரிந்துரை. அடுத்தது 12, அப்புறம் 13, கடைசிப் பாட்டு 30. ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனம் லண்டன் ரெக்கார்ட்ஸ் கைகழுவிவிட்டது. 2001இல் ஜப்பான் போன இடத்தில் ஷிவோன் விலகினாள், ஹெய்டி ரேஞ்ச் வந்தாள், வேறு நிறுவனத்தில் 2002இல் 'ஃப்ரீக் லைக் மீ' முதலிடம். அதனால் எல்லோரும் "உண்மையான சுகாபேப்ஸ் அப்போதுதான் தொடங்கியது" என்கிறார்கள். ஹெய்டியின் குரலில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த வாக்கியம்தான் எனக்குத் தாங்காது.

ஏனென்றால் எனக்கும் நடந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான், என் மச்சாள், இன்னொரு சிநேகிதி, மூன்று பேர் கலைவிழாவுக்கு ஒரு பக்திப் பாட்டுப் பழகினோம். எல்லோரும் ஒரே சுருதியில் பாடுவதுதான் வழக்கம். நான் 'ஒன் டச்' சீடியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல், ஒருத்தி வரியை முடிக்கும் முன்பே மற்றவள் எடுப்பது என்று பிரித்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் எங்கள் சமையலறையில்தான் பயிற்சி. விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ரீச்சர் என் இடத்தில் வேறொரு பிள்ளையைப் போட்டுவிட்டார். அவள் மேடையில் சிரித்த முகமாக நிற்பாளாம். எனக்கு அதை நேரே சொல்லக்கூட இல்லை, மச்சாள்தான் போனில் சொன்னாள். நான் அம்மாவோடு கீழே நாற்காலியில் இருந்து, நான் பிரித்த பாட்டை முழுக்கக் கேட்டேன். நன்றாகவே பாடினார்கள். சபை எழுந்து கைதட்டியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விழா வீடியோவுக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் 15 பவுண்ட் முன்கூட்டியே வாங்கினார்கள். அம்மா பகுதிநேரமாக வேலை செய்த காசு. கசெட் வரவே இல்லை. கேட்டால் "எடிட் பண்ணுகிறோம்", பிறகு "மாஸ்டர் பழுதாகிவிட்டது", பிறகு போனே எடுப்பதில்லை. எங்கள் ஆட்கள் நடத்தும் விழாக்களில் இது இன்றும் நடக்கிறது, யாரும் வாய் திறப்பதில்லை.

ஷிவோன், மூட்யா, கீஷா மூவரும் சேர்ந்து 2019இல் 'சுகாபேப்ஸ்' என்ற தங்கள் குழுப் பெயரைத் திரும்பப் பெற்றார்கள். ஆல்பமும் 2021இல் மறுபடி வெளிவந்தது. இன்று கொண்டாடுகிறவர்கள் புதிதாக முளைத்தவர்கள் இல்லை, அன்றைக்கே அதை வாங்கி வைத்துக் கேட்டவர்கள்தான் பாதிப்பேர்.

2001 சித்திரையில் வடமேற்கு லண்டனில் நடந்த அந்தக் கலைவிழாவை யாராவது சொந்தக் கமெராவில் எடுத்திருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்துங்கள். மூன்று பிள்ளைகள் மஞ்சள் பாவாடை தாவணியில் பாடுவார்கள். அதில் நான் இல்லை, ஆனால் இரண்டாவது சரணத்தில் கீழே போகும் குரல் நான் போட்டது.