முதலில் மெடிக்கல், அப்புறம் ஊசி

கேள்வி: எனக்கு 31 வயது. ஏ.சி. மெக்கானிக். மனைவியும் இரண்டு வயது மகளும் இருக்கிறார்கள். கத்தாரில் வேலை கிடைத்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை மெடிக்கல் டெஸ்ட், அதிலிருந்து ஆறு வாரத்தில் ஃப்ளைட். அங்கே இருக்கும் நண்பன், ஹெபடைடிஸ் பி ஊசி போட்டுக்கொண்டு வா என்கிறான். போட்டால் மெடிக்கலில் மாட்டிக்கொள்வாய் என்று ஏஜென்ட் பயமுறுத்துகிறார். அம்மாவோ கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது டாக்டர்? ஆறு வாரம் போதுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அறந்தாங்கி

பதில்: ஆறு வாரம் போதும் தம்பி. ஊசியைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஏஜென்ட் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள், அதில் பாதி உண்மை இருக்கிறது.

ஹெபடைடிஸ் பி என்பது கல்லீரலைத் தாக்கிக் காமாலை தரும் ஒரு வைரஸ் நோய். இந்தத் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் ஈஸ்ட்டில் உருவாக்கிப் பிரித்தெடுத்து ஊசியாக்குகிறார்கள். மெடிக்கலில் எச்.பி.எஸ்.ஏஜி என்று ஒரு பரிசோதனை வரும். அந்த லேப் தேடுவதும் இதே புரதத்தைத்தான். ஊசி போட்ட கையோடு ரத்தம் கொடுத்தால், ஊசி வழியாக உள்ளே போன புரதமே ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வரக்கூடும். 18 நாள் வரை இப்படிக் காட்டியது பதிவாகியிருக்கிறது. வளைகுடா மெடிக்கலில் எச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ் என்றால் ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிடுவார்கள். அது ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று நின்று விசாரிக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

அதனால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். திங்கட்கிழமை காலை மெடிக்கலுக்கு ரத்தம் கொடுங்கள். ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டிய பஞ்சு காய்வதற்குள் போய் முதல் ஊசியைப் போட்டாலும் பாதகமில்லை.

சாதாரணமாக இந்த ஊசியை இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று என்று போடுவோம். உங்களுக்கு அவ்வளவு நாள் இல்லை. உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒரு விரைவு அட்டவணை இருக்கிறது: முதல் நாள், 7-ஆம் நாள், 21-ஆம் நாள், அப்புறம் ஒரு வருடம் கழித்து நான்காவது. டாக்டரிடம் பயணத் தேதியைச் சொல்லி இதைக் கேளுங்கள். மூன்றாவது ஊசிக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவே மூன்று வாரம் கிடைக்கிறது. கத்தாரில் இறங்கியதும் மறுபடியும் மெடிக்கல் எடுக்கக்கூடும் என்பதால் அந்த இடைவெளி உங்களுக்கு மிகவும் முக்கியம். இரண்டாவது, மூன்றாவது ஊசியைத் தள்ளிப்போட்டு அந்த நாட்களைச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

மூன்று ஊசியிலேயே பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடும். அது நீண்ட காலம் நிலைப்பதற்குத்தான் நான்காவது. லீவு கிடைத்து ஊருக்கு வரும்போது போடலாம், இல்லை அங்கேயே ஒரு கிளினிக்கில் போடலாம். தேதி கொஞ்சம் தள்ளிப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஊசிச் சீட்டை ஊசி போடும் அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஒன்று கவனியுங்கள். மருந்துக் கடையில் ஊசியை வாங்கி, வண்டி டிக்கியில் போட்டு, வெயிலில் அரை மணி நேரம் ஓட்டி வந்து என் மேஜையில் வைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. ஐஸாக உறைந்தாலும் வீண்தான். ஃப்ரிட்ஜில் ஊசி வைத்திருக்கும் கிளினிக்குக்கே போய் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். தோள் சதையில்தான் போட வேண்டும். ‘வேலைக்குப் போகணும், கை வலிக்கும், இடுப்பில் போடுங்க’ என்று கேட்காதீர்கள். இடுப்பில் போட்டால் எதிர்ப்புச் சக்தி சரியாக வராது.

உங்கள் மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்தவுடன் ஒன்று, அப்புறம் 6, 10, 14-ஆவது வாரங்களில் ‘பென்டா’ என்று எழுதியிருக்கும். அந்தப் பென்டாவுக்குள் ஹெபடைடிஸ் பி ஊசியும் அடக்கம். தமிழ்நாட்டில் பென்டா வந்ததே 2011 டிசம்பரில்தான். நீங்கள் குழந்தையாக இருந்தபோது அரசுத் திட்டத்தில் இந்த ஊசியே கிடையாது. உங்கள் வீட்டில் பாதுகாப்போடு இருப்பது இப்போதைக்கு அந்தச் சின்னப் பெண் மட்டும்தான்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். கீழாநெல்லியை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய பாரூக் பிளம்பெர்க், சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தவர். 1988-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த அந்த ஆய்வு பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அதோடு, அதுவும் ஏற்கெனவே நோய் இருந்தவர்களிடம் செய்த ஆய்வு. வராமல் தடுக்கும் என்று யாரும் காட்டவில்லை. அம்மா ஆசையாகக் கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டு ஊசிக்குக் கிளம்புங்கள்.

இன்னொன்றும் அம்மாவிடம் சொல்லுங்கள். ஊரில் தண்ணீராலும் சாப்பாட்டாலும் வரும் காமாலை பெரும்பாலும் ஏ, இ வகை. பி வகை ரத்தத்தாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வருவது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது. காய்ந்த ரத்தத் துளியில்கூட இந்த வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஒரு ரூமில் எட்டுப் பேர் தங்கும்போது ரேசரும் ட்ரிம்மரும் நகவெட்டியும் கை மாறும். உங்களுடையதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஆணுறை பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: தேவைப்படும் சூழ்நிலை வந்தால் அது இல்லாமல் வேண்டாம்.

மெடிக்கலில் பாசிட்டிவ் என்று வந்தால்? ஊசி அதைக் குணப்படுத்தாது, கெடுதலும் செய்யாது. இடிந்து போகாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதற்குப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை, பலருக்கு அவ்வப்போது பார்த்துக்கொண்டு வந்தாலே போதும்.

திங்கட்கிழமை ஊசிக்குப் போகும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள். மகளைச் சுமந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் எச்.பி.எஸ்.ஏஜி இருக்கும், டாக்டர் பார்க்கட்டும். மனைவிக்கு ஃப்ளைட் அவசரம் எதுவும் இல்லை, ஆறு மாத அட்டவணையிலேயே நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.