வாசகர் கேள்வி பதில்: கோடை மழை, இடி, வெயில்

கேள்வி: மே மாத விடுமுறையில் பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துச் செல்லலாமா? அருவிக்கரையில் தூறல்கூட இல்லாதபோதும் வெள்ளம் வரும் என்கிறார்களே, அது எப்படி?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: தங்கள் அச்சம் வீணானதன்று. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம், 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. சீசன் காலச் சாரல் வேறு, கோடை மழை வேறு. சாரல், தென்மேற்குப் பருவக்காற்றோடு வந்து நாள்கணக்கில் மெல்லப் பெய்யும். மே மாத மழையோ, பகலெல்லாம் காய்ந்த காற்று மலையில் மோதி மேலேறி, பிற்பகலில் இடிமேகமாகத் திரண்டு, ஏதேனும் ஒரு சரிவில் மட்டும் சிறிது நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். செங்குத்தான பாறைச் சரிவு அந்த நீரைத் தாங்கி வைப்பதில்லை. அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே அது வந்து சேர்ந்துவிடும். பேரருவியின் இடையே உள்ள பொங்குமாங்கடல் என்னும் பள்ளம், விழும் நீரின் வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் நாம் கீழே நின்று குளிக்க முடிகிறது. ஆனால் வெள்ளத்தின் முன் அதுவும் உதவாது.

அழைத்துச் செல்லுங்கள், ஆனால் காலை வேளையில். மேற்கே முகடு கறுத்தாலோ, தெளிந்த நீர் கலங்கிச் சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தாலோ, துண்டை எடுக்கக்கூட நில்லாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். காவலர் விசில் ஊதிய பிறகும் தலையைக் காட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வாழைத் தோட்டத்தில் நிற்கும்போது இடி இடித்தால் எங்கே ஒதுங்குவது? பனையடி ஆகாது என்கிறார் அப்பா.
(வாசகர், களக்காடு)

பதில்: தங்கள் தந்தையார் சொல்வது முற்றிலும் சரி. தனித்து உயர்ந்த மரத்தில் இறங்கும் மின்னல், அடியில் நிற்பவர் மேலும் பாயும். கான்கிரீட் கூரையுள்ள மோட்டார் ரூமுக்குள் சென்று, சுவிட்சையும் இரும்புக் குழாயையும் தொடாமல் இருங்கள். நாற்புறமும் திறந்த கொட்டகை காப்பாகாது. மின்னலைக் கண்டு 30 வினாடிக்குள் முழக்கம் கேட்டால், அது ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்வதில் தவறில்லை. உள்ளே இருந்துகொண்டு சொல்லுங்கள்.

கேள்வி: கத்தரி வெயில் கழிந்துவிட்டால் முதியவர்களைப் பற்றிய கவலை தீர்ந்ததா?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: தீராது. தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்வதால், தங்கள் ஊரில் ஜூனிலும் வெயில் சுடும். உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெப்பவாதம். 108க்குச் சொல்லிவிட்டு, நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.