பேஸ்பாலில் ஃபீல்டர் எறிந்த பந்து மைதானத்துக்கு வெளியே போனால் ஓட்டக்காரருக்கு எத்தனை பேஸ்?

பேஸ் என்பது ஓட்டக்காரர் வரிசையாகத் தொட்டுப் போக வேண்டிய நிலை. 'எந்த பேஸை நோக்கி ஓடுகிறாரோ அது, கூடுதலாக இன்னொன்று' என்று பலரும் சொல்கிறார்களே, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. அமெரிக்க மேஜர் லீக் விதிப்படி இரண்டு பேஸ்தான். எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் பேஸில் ஓட்டக்காரர் ஒருவர். தரையோடு வந்த பந்தைப் பிடித்த ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) உடனே முதல் பேஸுக்கு எறிய, அது டகவுட்டுக்குள் (வீரர்கள் உட்காரும் இடம்) போய்விடுகிறது. இன்ஃபீல்டரின் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்) முதல் முயற்சி என்பதால், பிட்சர் அடிப்பவருக்குப் பந்தை வீசியபோது ஒவ்வொருவரும் இருந்த இடத்திலிருந்து எண்ண வேண்டும். முதல் பேஸில் இருந்தவருக்கு மூன்றாவது பேஸ், அடித்தவருக்கு இரண்டாவது. எறிவதற்குள் அவர் இரண்டாவது பேஸைத் தாண்டியிருந்தாலும் மூன்றாவதுதான். ஆனால் அதற்குள் அடித்தவரும் முதல் பேஸைத் தொட்டிருந்தால், எறிந்த நேரத்தில் இருந்த இடத்திலிருந்தே கணக்கு.

அவுட்ஃபீல்டர் (பேஸ்களுக்கு அப்பால் தூரத்தில் நிற்பவர்) எறிந்தால் எப்போதும் எறிந்த நேரம்தான். பந்து கையை விட்ட கணத்தைப் பாருங்கள், வெளியே போன கணத்தை அல்ல. அப்போது இரண்டாவதைத் தாண்டியவர் ஹோமுக்கு (தொட்டால் ரன்), முதலாவதைத் தாண்டியவர் மூன்றாவதுக்கு. நல்ல அம்பயரின் கண் முதலில் ஓட்டக்காரர்கள் மேல் இருப்பது இதனால்தான்.

பிட்சர் ரப்பரில் (அவர் பந்து வீசும் பலகை) நின்றபடி ஓட்டக்காரரை அவுட்டாக்க எறிந்து வெளியே போனால் மட்டும் ஒரே பேஸ்.